உப்பும் வினையும்

சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் எனக்குப் பொழுது விடிவது ஒரு குளிசையோடு. அதில் அடங்கிய மருந்தின் எடை 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரம் கூறாக்கி அவற்றுள் ஒரு கூற்றை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும், அரைமணி நேரம் கழியுமுன் கோப்பியைத் தொடக்கூடாது என்பது வைத்தியர் இட்ட நியமம். அந்த அரைமணி நேரத்தில்தான் நான் திருநீறு பூசிக்கொண்டு, சுவரிலே மாட்டிய சுவாமிப்படத்தின் முன் நின்று, பிள்ளைப்பிராயத்தில் அப்பப்பா சொல்லித்தந்த தேவாரம் ஒன்றைப் பாடுவது வழக்கம். ஆகவே மருந்தும் மந்திரமும் எனக்கு ஒரே வேளையில் நிகழ்கின்றன. இரண்டுக்கும் உள்ள உறவு யாது என்ற வினா, கோப்பிக்காகக் காத்திருப்பவனுக்கு வேறு வேலை இல்லாமையால், நாள்தோறும் வந்து எதிரே குந்திக்கொள்கிறது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் என் பக்தி மெல்ல அவியத் தொடங்கிற்று. எட்டு மணி நேரம் உறங்கியும் உடம்பு எழும்ப மறுக்கும். வீட்டில் மற்றவர்கள் மெல்லிய சட்டையோடு உலவ, எனக்கு மட்டும் கம்பளிக்குள்ளும் விரல்கள் சில்லிட்டிருக்கும். பாடிக்கொண்டிருக்கும் பதிகத்தின் நாலாம் பாட்டு எங்கேயோ நழுவிப்போக, ஐந்தாம் பாட்டின் நடுவில் திகைத்து நிற்பேன். "இஞ்சருங்கோ, குரலும் தடிச்சுப்போச்சு, முகமும் ஊதிக்கிடக்கு. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நானோ, சித்தாந்த நூல்களை அரைகுறையாகக் கற்றவனுக்கே உரிய துணிவோடு, இது ஆணவ மலத்தின் மறைப்பு, தமோகுணத்தின் மேலீடு என்று நிச்சயித்து, வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். விரதம் கூடக் கூட மந்தமும் கூடிற்று. ஈற்றில் ஒரு சிறு குழாயளவு இரத்தம் உண்மையைச் சொல்லிவிட்டது. கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமர்ந்திருக்கும் தைரொயிட் சுரப்பி தன் தொழிலைக் கைவிட்டிருந்தது. மூளையின் அடியில் தொங்கும் கபச்சுரப்பியோ அதைத் துயிலெழுப்புவதற்கு மேன்மேலும் தூது அனுப்பிச் சலித்துப்போயிருந்தது. குளிசை தொடங்கி இரண்டு மாதமாயிற்று. ஒருநாட்காலை நாலாம் பாட்டு தானாகவே வந்து நாவில் நின்றது. கண்ணும் கலங்கிற்று.

கலங்கிய கண்ணைத் துடைக்கும்போதே சந்தேகமும் பிறந்தது. இந்தக் கண்ணீர் யாருடையது? என்னுடையதா, குளிசையிலுள்ள தைரொக்சினுடையதா? நாலு அயடீன் அணுக்களைச் சுமந்த ஒரு பொருள் குறைந்தபோது போய்விட்டதும், அது நிறைந்தபோது திரும்பிவந்ததும் பக்தியானால், சமயம் என்பது சுரப்பிகளின் நிழலாட்டம் என்று சொல்லுகிறவனுக்கு நான் என்ன விடை கூறுவது?

இந்த வினா எனக்குத்தான் முதன்முதல் உதித்தது என்ற பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், வேதம் முழுதும் ஓதிவிட்டோம் என்ற செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவை அவன் தந்தை உத்தாலகர் பதினைந்து நாள் உண்ணாதிருக்கச் செய்கிறார். தண்ணீர் மட்டும் வேண்டியமட்டும் பருகலாம். பதினாறாம் நாள் வந்து நின்ற பிள்ளையிடம் வேதத்தைச் சொல்லு என்கிறார். ஒன்றும் தோன்றவில்லை என்கிறான் பிள்ளை. போய் உண்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். உண்டு வந்தபின் கேட்டதெல்லாம் சொல்லுகிறான். உண்ட உணவின் தூலமான கூறு மலமாகவும், நடுக்கூறு மாமிசமாகவும், சூக்குமமான கூறு மனமாகவும் ஆகின்றன என்ற உபதேசத்துக்கு இதைவிடச் சுருக்கமான பரிசோதனை வேறில்லை. இன்றைய உடற்றொழிலியலார் இதையே தம் பாஷையில் சொல்வார்கள்: உடலின் சக்திச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே வாங்கிக்கொள்கிறது, ஈரலில் சேமித்த மாவுப்பொருள் ஒரு நாளளவில் தீர்ந்துவிட, இன்சுலின் தாழ்ந்து, கொழுப்பிலிருந்து பிறக்கும் கீற்றோன்கள் அந்த அடுப்புக்கு விறகாகின்றன. உபநிடதக்காரருக்குக் கீற்றோன் தெரியாது. ஆனால் அணையப்போகும் அடுப்பில் மின்மினியளவு கனல் எஞ்சியிருந்தால் அதில் துரும்பைப் போட்டு மூட்டிவிடலாம் என்பது தெரிந்திருந்தது.

நம்முடைய தரிசனங்கள் இந்த உண்மையைக் கண்டு வெருளாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் டெக்கார்ட் என்ற ஞானி, மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றாகவே கொண்டு, அதற்கு மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியைச் சிங்காசனமாக்கினார். பின்னாளில் அந்தச் சுரப்பி மெலற்றோனின் என்னும் ஹோர்மோனைச் சுரந்து உறக்கத்தின் வேளையை வகுப்பது என்று தெரியவந்தபோது, அங்கே அரசனைத் தேடிப்போனவர்கள் காவற்காரனைக் கண்டவர்கள்போல ஆயினர். சைவசித்தாந்திக்கு இந்த இடர் இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள், ஆதலால் சடம். கல்லும் மரமும் எப்படிச் சடமோ அப்படியே, நுண்மையில் மாத்திரம் வேறுபட்டு, மனமும் சடம். சடத்தைச் சடம் தாக்கும் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீர் இரும்பில் துருவேற்றுவதுபோலச் சுரப்பியின் நீர் சித்தத்தில் களிம்பேற்றலாம், விளக்கவும் செய்யலாம். இந்தத் தேகமும் கரணங்களும், ஆணவ இருளிலே கிடக்கும் உயிருக்குப் பொழுது விடியுமளவும் இறைவன் ஏற்றிக்கொடுத்த விளக்கு என்பது சித்தாந்தம் கூறும் உவமை. என் குளிசை அந்த விளக்குக்கு வார்க்கும் எண்ணெய் என்று கொண்டால், காண்கின்ற கண் எண்ணெயினால் உண்டாவதில்லை என்று ஒருவாறு ஆறுதலடையலாம்.

ஒருவாறு என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. என் விளக்கு எரிந்து, மங்கி, மறுபடியும் எரிந்தது. ஆகவே எனக்கு உவமை இனிக்கிறது. ஒருநாளும் எரியாத விளக்குகளைப் பற்றி என்ன சொல்வது? இந்த ஊருக்கு வந்திராவிட்டால் அந்த வினாவை நான் எதிர்கொண்டிருக்கமாட்டேன்.

ஊஸ்டருக்கு மேற்கே கிரைஃபன்சே ஏரி கிடக்கிறது. அதைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 19 கிலோமீற்றர். நாணலும் நீர்ப்பறவையுமாக, 1941ஆம் ஆண்டு முதலே சட்டத்தால் காக்கப்பட்ட கரை. பனியூழிக் காலத்தில் அல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிவந்த பனியாறு அராவிச் சென்ற பள்ளம் இது. அழகிய ஏரிகளை இந்த நாட்டுக்கு விட்டுச்சென்ற பனியாறுகள், பழைய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தபோது, அதிலிருந்த அயடீனையும் கொண்டுபோயின. கடலோ வெகுதூரம். ஆகவே இங்குள்ள தண்ணீரில் அயடீன் இல்லை, புல்லில் இல்லை, புல்லைத் தின்ற பசுவின் பாலிலும் போதியது இல்லை. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்பவனுக்கு ஆயுள் முழுதுக்கும் ஒரு தேக்கரண்டி அளவுதான் தேவைப்படும். அந்த ஒரு தேக்கரண்டி இல்லாமையால் தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டார் முன்கழுத்திலே கழலையோடு திரிந்தார்கள். கழலை அவலட்சணம், அவ்வளவே. கருவிலிருக்கும்போதே அயடீன் கிட்டாத குழந்தைகளுக்கு நேர்ந்ததோ வேறு. உடல் வளராது, செவி கேளாது, பேச்சு வராது, அறிவு மலராது. அவர்களைக் குறித்த கிரெட்டின் என்ற சொல், அல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் பிரெஞ்சு வழக்கில் 'கிறிஸ்தவன்' என்பதன் திரிபு என்று மொழிநூலார் கொள்வர். இப்படிக் கிடப்பதும் ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமாவே, விலங்கு அன்று என்று அயலாருக்கும் தமக்கும் நினைவூட்டிக்கொள்ள அந்த ஏழை மலைவாசிகள் கண்ட பெயர், நாளடைவில் வசைச்சொல்லாயிற்று. மனிதர் எந்தச் சொல்லைத்தான் கெடுக்காமல் விட்டார்கள்!

பேர்ண் நகரத்து அறுவை வைத்தியர் தியோடோர் கொக்கர் கழலையை முற்றாக அகற்றுவதில் தேர்ந்தவர். தெய்வபக்தியில் ஊறிய மொராவிய சபைத் தாயிடம் வளர்ந்தவர். 1874இல் அவர் சத்திரசிகிச்சை செய்து அனுப்பிய பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பல வருஷங்களுக்குப்பின் மறுபடி பார்த்தார். முன்பு அவளோ இவளோ என்று மயங்குமளவு ஒத்திருந்த அவளுடைய தங்கை வாலிபப் பெண்ணாக வளர்ந்து நிற்க, இவளோ குறளாய், மந்தமுகத்தோடு, ஏறக்குறைய கிரெட்டினாகவே ஆகியிருந்தாள். தம் கத்தியின் திறமையே ஒரு பெண்ணின் அறிவை எடுத்துவிட்டது என்று கண்ட கொக்கர் அதை மூடிவைக்கவில்லை. 1883இல் சபையறிய அறிக்கையிட்டு, தைரொயிட்டை முழுதும் அகற்றுவதை விட்டொழித்தார். 1909இல் நோபெல் பரிசு பெற்றார். பரிசைவிட அந்த அறிக்கையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர் தம் கையின் பிழையைத் தாமே எடுத்துரைப்பது எளிதில் வாய்க்கும் குணமன்று.

சூரிச்சை அடுத்த சில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அட்லிஸ்வில் என்றொரு சிற்றூர். ஊஸ்டர்த் தமிழருக்கு அந்தப் பெயர் சொன்னால் சிவசுப்பிரமணியர் கோயில்தான் நினைவுக்கு வரும். கோடையிலே தேர் இழுக்கப் போகிறோம், ஐப்பசியிலே கந்தசஷ்டிக்குப் போகிறோம். அதே அட்லிஸ்வில்லில் ஹைன்றிக் ஹுன்சிக்கர் என்ற வைத்தியர் இருந்தார் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். கழலை என்பது அயடீன் குறைந்த உணவுக்கு உடல் தன்னை இசைவித்துக்கொள்ளும் முயற்சியே என்றும், மிகச் சிறிய அளவு அயடீனை ஊட்டி அதைத் தடுக்கலாம் என்றும் 1915இல் நூலெழுதியவர் அவர். வாலிஸ் மாநிலத்து மலையூர் வைத்தியர் ஒட்டோ பயார்ட் 1918இல், உப்பிலே அயடீன் சேர்மத்தை மண்வாரியால் கிளறிக் கலந்து, கிரேகன் என்ற உயரத்துக் கிராமத்துக்கு ஏற்றிச்சென்று சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கழலை வற்றிற்று. ஹெரிசாவ் ஆஸ்பத்திரியின் ஹான்ஸ் எக்கன்பேர்கர் ஊரூராகக் கூட்டம் கூட்டி ஜனங்களை இணக்க, 1922இல் அப்பன்செல் அவுசர்ரோடன் மாநிலத்தில் அயடீன் கலந்த உப்பு கடைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே தேசத்தின் கழலைக் குழுவும் அதை ஆதரித்தது. மாநிலம் மாநிலமாகப் பரவிற்று. அதன்பின் புதிதாகக் கிரெட்டின் பிறப்பது நின்றுபோயிற்று. இன்று ஊஸ்டர்க் கடையில் நான் எடுக்கும் உப்புப் பொதியில் 'யோட்' என்று எழுதியிருக்கிறது. கிலோவுக்கு 25 மில்லிகிராம். இந்தியாவிலும், இமயத்தின் அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் நடத்திய ஆராய்ச்சி இதே உண்மையை நிலைநாட்டிற்று. இவ்வளவும் நடந்தேறிய பிறகு, இந்துப்பே ஆரோக்கியம், கடைஉப்பு விஷம் என்று வாட்ஸப்பில் எனக்கு உபதேசம் அனுப்பும் உறவினர்களை நான் மரியாதையோடு மறுதலிக்கிறேன்.

ஆனால் என் உள்ளத்தில் தைத்த முள் வேறு. பிறவிக் குருடும் செவிடும் மந்தமும் முற்பிறப்பில் செய்த வினையின் பயன் என்று கேட்டு வளர்ந்தவன் நான். வாலிஸ் பள்ளத்தாக்கில் 1900இல் பிறந்த குழந்தைக்கு இருந்த கொடுவினை, 1930இல் பிறந்த குழந்தைக்கு எங்கே போயிற்று? மண்வாரியால் கிளறிய உப்பு ஊழைக் கரைத்துவிட்டதா? அல்லது, தீவினையுடைய உயிர்களெல்லாம் அந்த ஆண்டு முதல் வேறு பள்ளத்தாக்கைத் தேடிப்போயினவா? இவ்விதம் சமாதானம் சொல்லுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அது தர்க்கத்தில் வழுவாது நிற்கக்கூடும், நெஞ்சில் நிற்கவில்லை.

இதற்கு வழிகாட்டியது தத்துவ நூல் அன்று, பெரியபுராணத்தில் வரும் ஒரு சம்பவம். திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு கொடிமாடச் செங்குன்றூர் என்ற இன்றைய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, குளிர்காலம் வந்து, அந்த நாட்டுக்கு இயல்பான குளிர்சுரம் அடியார்களைப் பற்றிக்கொண்டது. இது இந்த நிலத்தின் தன்மை என்று உடனிருந்தவர்கள் விண்ணப்பித்தார்கள். நிலத்தின் தன்மையால் வரும் நோய்! கிரைஃபன்சேக் கரையில் நின்று இந்த இடத்தை நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆளுடைய பிள்ளையாராகிய சம்பந்தர் அப்போது, அனுபவித்துத் தீருங்கள் என்று சொல்லவில்லை. முன்செய்ததற்கு இது பலன் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அடியாரைக் கேட்கும் கேள்வியோடு திருநீலகண்டப் பதிகத்தைத் தொடங்கினார். சுரம் அடியாரை மாத்திரமன்றி அந்த நாட்டையே விட்டு நீங்கிற்று என்பது சேக்கிழார் வாக்கு. வினையை மறுக்காமலே, வினையைச் சாக்காகச் சொல்லிக் கையைக் கட்டியிருப்பதைக் குற்றமாக்கிவிட்ட அந்த ஒரு வினாவில், ஊழ் என்ற சொல்லை யார் யாரை நோக்கிப் பயன்படுத்தலாம் என்ற வரம்பும் அடங்கியிருக்கிறது. என் துயருக்கு என் வினை என்று நான் சொல்லிக்கொண்டால் அது எனக்குப் பொறையைத் தரும். அயலான் பிள்ளையின் தொட்டிலைப் பார்த்துச் சொன்னால் அது அபசாரம். கழுத்துநோயால் வாடிய நாட்டை நினைக்கையில், நஞ்சைக் கண்டத்திலே தாங்கியவனை விளித்துப் பாடிய பதிகம் இது என்பதையும் எண்ணாதிருக்க என்னால் முடியவில்லை. இது கவிஞர் செய்யும் சிலேடை வேலை; தத்துவம் அன்று; ஆயினும் விட்டுவிட மனமில்லை.

எங்கள் சனங்களுக்குக் கழலை பெரிய வருத்தமன்று. அவர்களுடைய வியாதி சீனி. அப்பன்செல்லில் உப்பு கடைக்கு வந்த அதே 1922இன் தொடக்கத்தில்தான், கனடாவின் ரொறன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். இன்று எங்கள் கல்யாண வீட்டுப் பந்தியில், இலையில் சோறு விழுமுன் மேற்சட்டைப் பையிலிருந்து குளிசைப் பெட்டி வெளிவருவது சாதாரண காட்சி. "எங்கட பரம்பரையில இருக்கு அண்ணை, என்ன செய்யிறது" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர், மூன்றாவது பயத்தம் பணியாரத்தை எடுத்துக்கொண்டே. பரம்பரை என்பதும் பொய்யன்று. தென்னாசியர், தடித்த தேகமில்லாதபோதும், மற்றவர்க்கு முந்தியே நீரிழிவுக்கு ஆளாகிறார்கள். ஆனால் அந்தச் சொல் இங்கே செங்குன்றூர்க்காரரின் 'நிலத்தின் தன்மை' போலப் பயன்படுகிறது. வயலும் கிணறும் தோட்டமும் இருந்த காலத்துச் சோற்றளவைக் கொண்டுவந்துவிட்டோம். துலா மிதித்த கால்களைக் கொண்டுவரவில்லை.

தசைநார் சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது என்பதை நான் அறிந்தபோது, கதவு பூட்டியிருக்க யன்னல் வழியாக ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல வியந்தேன். உண்டபின் கால்மணி நேர நடையும் அந்த யன்னலைத் திறக்கும். கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்கு ஆகாரத்தை மாத்திரமன்றி விஹாரத்தையும், அதாவது நடமாட்டத்தையும், அளவாக விதிக்கிறது. நாமோ ஆகாரத்தைப் பற்றி நூறு பத்தியம் பேசுவோம், நடமாட்டத்தை மறந்துவிடுவோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாற்படியில் சரியை என்பது கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் பூக்கொய்வதும். அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படை இருந்ததே தவிர விசிறி இருக்கவில்லை. அட்லிஸ்வில் கோயிலுக்குக் காரில் போய், அன்னதானச் சோற்றை இரண்டு தரம் வாங்கி உண்டு, காரில் திரும்பும் எங்களுக்கு, வருஷத்துக்கு ஒருநாள் தேர்வடம் பிடிப்பதுதான் சரியை. அன்றைக்கு மறுநாள் தோள்மூட்டு நோகிறது என்று எல்லோரும் தொலைபேசியில் முறையிடுவதும் உண்டு.

போன கந்தசஷ்டிக்கு முதல்நாள் மாலை, மனைவியோடு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நாணலுக்கு மேலே மூடுபனி இறங்கி அக்கரை மறைந்திருந்தது. புலன்வழி போகாமல் மனத்தை நிறுத்துவதையும், உணவை விடுவதையும் சுருக்குவதையும், முக்கரணத்தாலும் வழிபடுவதையும் சேர்த்தே நாவலர் பெருமான் விரதத்துக்கு இலக்கணம் வகுத்தார் என்று நான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் சற்று நேரம் கேட்டுவிட்டு, "அது சரி, விரத நாளில குளிசை போடுவீங்களோ, விடுவீங்களோ?" என்றாள். மருந்து ஆகாரத்தில் சேராது என்றேன். சீனிக்குக் குளிசை போடுகிற தன் தமையனுக்கு இது பொருந்துமோ என்று கேட்டாள். வெறும் வயிற்றோடு அந்தக் குளிசையை விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும், அவர் டொக்டரைக் கேட்காமல் ஆறுநாள் விரதத்தைத் தொடக்கூடாது என்றேன். "அப்ப அவர் முருகனைக் கும்பிடாமல் இருக்கிறதோ?" என்றாள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு கும்பிடட்டும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தது. நான் சொன்னதையெல்லாம், தான் கண்டுபிடித்ததுபோல, ஒன்றுவிடாமல் சொன்னாள்.